தலை குனியக் கூடாதவர்

நடந்ததற்குச் சாட்சி வேண்டுமென்றால் வைப்பாற்று மணலைத்தான் கேட்க வேண்டும். அது வாய் திறக்காது என்பதால் நான் சொல்கிறேன். சாத்தூருக்குக் கிழக்கே ஆறு ஒரு வளைவு வளைந்து திரும்புகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர் நெடுமணல். கார்த்திகையில் செம்மண் கலங்கி ஓடி, தையில் மெலிந்து, மாசியில் நூலாகி, பங்குனியில் வெறும் மணலாகக் கிடந்துவிடும் ஆறு அது. தண்ணீர் விலக விலக அந்த மணலில் குழி போட்டு, எரு வைத்து, வெள்ளரி விதை ஊன்றி, ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாக மொண்டு ஊற்றி, பிஞ்சைப் பறித்துக் கூடையில் அடுக்கி, சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு பஸ், ஜன்னலுக்கு ஜன்னல் நீட்டி விற்பதுதான் எங்கள் பிழைப்பு. அப்படி ஒரு மார்கழிக் கடைசியில், வெள்ளிக்கிழமை காலையில், நான் விதை ஊன்றிக்கொண்டிருக்கும்போதுதான் கசத்திலிருந்து கப்பா ஏறி வந்தார்.

கசம் என்றால் வேறொன்றுமில்லை, ஆறே காய்ந்தாலும் பாறைக்கடியில் தண்ணீர் நிற்கிற ஆழமான பள்ளம். அதிலிருந்து ஏறி வந்தவர் பத்து வயசுப் பிள்ளை உயரம்தான் இருந்தார். முதுகில் ஆமை ஓடு, வாய் இருக்க வேண்டிய இடத்தில் அலகு, விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருக்கிற மாதிரி சவ்வு, உடம்பெல்லாம் பாசிப் பச்சை, கிட்டத்தில் வந்தால் அயிரைமீன் வாடை. உச்சந்தலையில் முடி வட்டம் கட்டி நிற்க, நடுவே ஒரு சின்னத் தட்டுப்போலப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு கை தண்ணீர். நடக்கும்போது அந்தத் தண்ணீர் ஆடியதே தவிர சிந்தவில்லை. நிறைகுடம் சுமந்து பழகிய பொம்பளை எப்படிக் கழுத்தை வைத்து நடப்பாளோ அப்படி நடந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, யார் பெற்ற பிள்ளையோ, தண்ணி சுமக்கத் தெரிஞ்ச பிள்ளை, என்பதுதான்.

"வெள்ளரி எப்போ காய்க்கும்?" என்று கேட்டார்.

"இப்பத்தானே ஊனுறேன். மாசி பொறக்கணும்."

"சரி, இருக்கேன்," என்று மணலில் உட்கார்ந்துகொண்டார்.

பேர் கேட்டதற்குக் கப்பா என்றார், ஆற்றுக்குள் குடியிருக்கிற இனமாம். எந்த ஊர் என்று கேட்டதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம், சப்பான் என்றார். அங்கே அவருடைய ஆற்றுக்கு ரெண்டு கரையிலும் சிமெண்டுச் சுவர் எழுப்பிவிட்டார்களாம், ஏறி வரவும் வழியில்லையாம், வெள்ளரிக்காரர்களும் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டார்களாம். அதனால் ஆற்றோடு இறங்கி, கடலோடு நடந்து, எந்த முகத்துவாரத்தில் வெள்ளரி விதை வாசம் அடித்ததோ அதில் ஏறி வந்தாராம். தமிழ் எப்படிப் பேசுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எந்தக் கரையில் ஓடுகிறதோ அந்தக் கரைச் சத்தம் ஆற்றுக்கு வருவதுதானே.

ஊருக்குச் செய்தி போனதும் பொம்பளைகள்தான் முதலில் திரண்டு வந்தார்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காது என்று சொல்வார்களே, அந்தப் பயம். அவர் யார் வீட்டுக்குள்ளும் புகமாட்டார், கசமே போதும் என்று சொல்லிவிட்டார் என்றதும் பயம் பாதி போயிற்று. மீதிப் பாதியை அவரே போக்கினார்.

"எங்க ஊர்ல என் பேரைச் சொன்னா பிள்ளைக ஆத்துப் பக்கம் வராது," என்று எல்லார் முன்னாலும் ஒளிக்காமல் சொன்னார். "ஒரு காலத்துல நான் பிள்ளைகளையும் குதிரைகளையும் தண்ணிக்குள்ள இழுத்திருக்கேன். பிடிபட்டேன். இனிமே தொடமாட்டேன்னு எழுதிக் கைநாட்டு வச்சுக் குடுத்தேன். அதுக்குப் பெறகு தொட்டதில்ல."

"கையெழுத்துப் போட்டவன்னா நம்ப மாட்டேன்," என்றார் எங்கள் கீழத்தெருப் பெரியவர் அக்கினிமுத்து மாமா. "கைநாட்டு வச்சவன் பேச்சு மாறமாட்டான்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் கூட்டம் போடவில்லை. கிராம அதிகாரி வந்து பார்த்துவிட்டு, கதவு எண் இல்லாத ஆளுக்கு ரேஷன் கார்டு தர முடியாது என்று வருத்தப்பட்டுப் போனார். கப்பாவுக்கு எலும்பு கட்டத் தெரியும் என்பது தை பிறந்த பிறகுதான் தெரிந்தது. மேலத்தெருப் பெரியவர் கொம்பையா கரையில் சறுக்கிக் கணுக்கால் பிசகிக் கிடந்தபோது, சவ்வு விரலால் ரெண்டு தடவு தடவி, ஒரு இழுப்பு இழுத்து, பாசியை வைத்துக் கட்டினார். மூன்றாம் நாள் கொம்பையா மாட்டைத் துரத்திக்கொண்டு ஓடினார். பிறகு அக்கினிமுத்து மாமாவின் தோள்பட்டை. பிறகு பனையிலிருந்து விழுந்தவர்கள், பைக்கிலிருந்து விழுந்தவர்கள், புருசன் தள்ளிவிட்டு விழுந்தேன் என்று சொல்லாமல் வாசப்படி தடுக்கி விழுந்தேன் என்று சொன்னவர்கள். பொய் சொன்னவர்களுக்கும் அவர் சரியாகவே கட்டினார்.

இதெல்லாம் நடந்தது ரெண்டாகக் கிடந்த ஊரில் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எங்கள் ஊரில் ரெண்டு தெரு, ரெண்டும் ஒரே கொடியில் காய்த்தது, கொண்டான் கொடுத்தான். ஆனால் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் மட்டும் விவகாரம். பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டும்போது எந்தத் தெருக் கை முதலில் படுகிறதோ அந்தத் தெருதான் ஊருக்குத் தலை. கப்பா வருவதற்குப் பதினோரு வருசத்துக்கு முன்னால் ரெண்டு தெருக் கையும் ஒரே நேரத்தில் தட்டில் விழுந்தது, தட்டு தரையில் விழுந்தது, பிறகு ஆளுகள் விழுந்தார்கள். அன்றைக்குக் கோயிலைப் பூட்டினோம். கீழத்தெரு ஒரு பூட்டு, மேலத்தெரு ஒரு பூட்டு. ஒருவர் சாவி இல்லாமல் இன்னொருவர் திறக்க முடியாது. பொங்கல் நின்றது, தெருவுக்குத் தெரு சம்பந்தம் நின்றது, கண்ணில் பட்டால் கும்பிடுவது நின்றது. பதினோரு வருசம் நெடுமணலில் ஒருத்தரும் ஒருத்தருக்கும் தலை குனிந்ததில்லை. செத்துப்போன கிழவன் கட்டைக்குக்கூட நெட்டையாக நின்று ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டு வந்தார்கள்.

அந்தப் பூட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது என் மகள் சந்தனமாரி. கொம்பையாவின் இளைய மகன் வேலாண்டிக்கும் அவளுக்கும் மனசு ஒத்து நாலு வருசம். ஓடிப்போ என்று நானே ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "ஓடிப்போனா உன் கூடைய யாரும்மா தூக்கி விடுவா?" என்று கேட்டுவிட்டு அவள் தண்ணீர் சுமக்கப் போய்விட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயசு. அவள் அப்பா இருந்திருந்தால் ஏதாவது செய்திருப்பார். அவர் போய்ச் சேர்ந்து வருசம் ஆறு.

மாசி பிறந்தது. என் கொடியில் முதல் பிஞ்சு விழுந்தது, பஞ்சுபோல் சுணை ஒட்டிய பிஞ்சு. முதல் பிஞ்சை அம்மனுக்கு வைப்பது வழக்கம். கோயில் பூட்டிக் கிடந்ததால் அதைக் கப்பாவிடம் கொடுத்தேன். ரெண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி, கடக்கென்று கடித்து, மென்று முடிக்கிற வரைக்கும் பேசவில்லை. முடித்த பிறகு சொன்னார்.

"ஆவடையம்மா, நான் ஏன் இந்த ஊர்ல இருக்கேன் தெரியுமா?"

"வெள்ளரிக்கு."

"வெள்ளரி வழி நெடுக இருக்கு. இந்த ஊர்ல யாரும் யாருக்கும் குனியறதில்ல. அதான் இருக்கேன்." தலைத் தண்ணீரைத் தொடாமல் தொட்டுக் காட்டினார். "எனக்கு முன்னால ஒரு ஆள் குனிஞ்சா நானும் குனியணும். அது என் பிறப்பு, மாத்த முடியாது. வேலைக்குக் குனியறது கணக்கில்ல. ஆளுக்குக் குனிஞ்சா குனியணும். குனிஞ்சா இந்தத் தண்ணி கொட்டும். கொட்டினா நான் இல்ல."

"மறுபடி ஊத்திக்கிட்டா?"

"ஆத்துத் தண்ணிதான் நிக்கும். வேற எதுவும் ஒட்டாது. அதுவும் ஒரு தடவைதான்."

சுற்றிப் பார்த்தேன், பக்கத்தில் யாருமில்லை. அதனால் என்னிடம் மட்டும் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லக் கூடாத சங்கதி என்றும் நானாகவே எடுத்துக்கொண்டேன்.

மாசிக் கடைசியில் வருசா வருசம் நடக்கிற மாதிரி ஆற்று மணலில் கூட்டம். மேற்கே பார்த்து ஒரு தெரு, கிழக்கே பார்த்து ஒரு தெரு, நடுவே ஒரு பாய் அகலம் மணல். வருசா வருசம் பேசுகிற அதே பேச்சு, கூட்டம் கலைகிற அதே நேரம் வரைக்கும் வந்துவிட்டது.

"மச்சான், எங்க தெருவுக்குப் பொங்கல் வேணாம்னு இல்ல. தட்டு எங்க பக்கம் நீளட்டும்," என்றார் அக்கினிமுத்து மாமா.

"தோள்பட்டை கூடினதும் கை நீளுதோ மச்சானுக்கு?" என்றார் கொம்பையா.

"கணுக்கால் கூடினதும் நீரு குதிக்கிற குதியை விடவா?"

ரெண்டு பக்கமும் சிரித்தது. பதினோரு வருசத்தில் ரெண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், பொம்பளைகள் நின்ற ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. என் குரல்தான்.

"ரெண்டு தெருவுக்கும் வேணாம். ரெண்டு தெரு எலும்பையும் சேத்து வச்சவரு கசத்துல இருக்காரு. அவருக்குக் குடுங்க முதல் மரியாதைய."

யோசித்துச் சொன்னேனா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. என் கண் முன்னால் இருந்தது தண்ணீர்க் குடத்தோடு நிற்கிற என் மகள்தான்.  பிறகு கொம்பையா எழுந்து நடுவில் இருந்த ஒரு பாய் அகலத்தைத் தாண்டி வந்து, அக்கினிமுத்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆவடை சொன்னது அம்மன் சொன்னது," என்றார் பூசாரி. எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் நான் மற்றதை நினைக்கவில்லை.

நினைப்பு வந்தது ரெண்டு நாள் கழித்து, ஏற்பாடுகளைச் சொல்லக் கேட்டபோது. திருநீறு மட்டுமென்றுதான் நான் நினைத்திருந்தேன். அது வளர்ந்துவிட்டது. பரிவட்டம் கட்டுவது, மாலை போடுவது, பிறகு ரெண்டு தெருப் பெரியவர்களும் ஒன்றாக அவர் காலில் விழுவது, பின்னாலேயே ஊர் மொத்தமும் விழுவது. பதினோரு வருசமாகக் குனியாத முதுகுகள் எல்லாம் ஒரே நாளில் குனிந்து தீர்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டன.

நான் சொல்லிவிடலாம் என்றுதான் கொம்பையா வீட்டுக்குப் போனேன். தலைவாசலில் கால் வைக்கும்போதே பார்த்தேன், நடு வீட்டில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு கூறைப் புடவை. கொம்பையா மனைவி சீனியம்மா மதினி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வாங்க மதினி, கூப்பிடணும்னு நெனச்சோம், நீங்களே வந்துட்டீங்க. பொங்கல் நல்லபடியா முடியட்டும், மறுநாளே வாறோம் தட்டோட. பொங்கல்ல ஒரு குறை வந்தாத்தான் பெறகு பேச்சே இல்லேன்னு இவுக சொல்றாக."

தொண்டை வரைக்கும் வந்ததை நான் முழுங்கினேன். முழுங்கினதற்கு மேலே அவள் கொடுத்த மோரையும் குடித்தேன்.

அங்கிருந்து நேரே கசத்துக்குப் போனேன். ஆறு அப்போது ஒரு விரல் கனத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. கப்பா அந்த நூலைப் பார்த்தபடி பாறையில் இருந்தார்.

"நாளைக்கு இந்த நூல் அறுந்துரும் ஆவடையம்மா. அதுக்குப் பெறகு கார்த்திகை வரைக்கும் நான் கடலுக்குப் போக வழியில்ல. எனக்கு ஏதோ மரியாதை செய்றதாச் சொல்றாங்க. போயிரவா, இருக்கவா?"

போய்விடுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அவர் கேட்டது என்னிடம்தான். நான் சொன்னால் கேட்டிருப்பார். ஆனால் அவர் போய்விட்டால் முதல் மரியாதை யாருக்கு? மறுபடி ரெண்டு கை, ஒரு தட்டு.

"இருங்க அண்ணாச்சி," என்றேன். "நீங்க குனியாதீங்க, அவ்வளவுதான்."

"அவங்க குனிஞ்சா?"

"எங்க ஊர் ஆளுக குனிய மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

என் முகத்தைப் பார்த்தார். எலும்பு எங்கே பிசகியிருக்கிறது என்று தோலுக்கு மேலிருந்தே கண்டுபிடிக்கிறவர். கண்டுபிடித்தாரா, இல்லையா, எனக்குத் தெரியாது. "நீ சொன்னா சரி," என்றார். மறுநாள் நூல் அறுந்தது.

பங்குனிச் செவ்வாய். ரெண்டு சாவியும் ரெண்டு பூட்டிலும் சேர்ந்து திரும்பவில்லை, துரு ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, ரெண்டு தெரு இளவட்டங்களும் சேர்ந்து உடைத்தார்கள். நூற்றி முப்பது பொங்கல் பானை. உறுமி மேளம். உச்சி வெயில் வரும்போது கப்பாவைக் கூட்டி வந்தார்கள். நிறைகுடத்து நடை நடந்து வந்தார். பூசாரி திருநீற்றைக் கையில் கொடுத்தார், வாங்கினார். நெற்றியைச் சுற்றிச் சிவப்புப் பட்டு கட்டினார், நின்றார். பூக்கட்டுகிற மாசானம் தொடுத்த மாலை, சம்பங்கியும் மரிக்கொழுந்தும் வைத்து இடுப்புவரை தொங்குகிற மாலை. அவர் உயரம் குறைச்சல் என்பதால் குனியத் தேவையில்லாமலே கழுத்தில் விழுந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. நான் மூச்சு விட்டேன். இத்தோடு முடியட்டும் தாயே என்று கும்பிட்டேன்.

அக்கினிமுத்து மாமாவும் கொம்பையாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். யார் முதலில் அழ ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. கையைக் கோத்துக்கொண்டார்கள், அழுதுகொண்டே ஒன்றாக விழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ரெண்டு தெரு ஆம்பளைகள், அவர்களுக்குப் பின்னால் பொம்பளைகள், காற்றடித்த கம்மங்கதிர் மாதிரி வரிசை வரிசையாகச் சாய்ந்தது ஊர். குனியாமல் நின்றது நான் ஒருத்தி. அதனால் அவர் பார்த்ததும் என்னைத்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத குழம்பு ஊற்றினால் ஒரு நல்ல மனுசன் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்துவிட்டு, ரெண்டு கையையும் தொடையோடு சேர்த்து வைத்து, மெதுவாக, முழுசாக, ஊருக்குக் குனிந்தார்.

ஒரு கை தண்ணீர்தான். விழுந்த இடம் உடனே காய்ந்துவிட்டது.

உட்கார்ந்தார், சாய்ந்தார். பச்சை வெளுத்தது. அபிஷேகத் தீர்த்தம் ஊற்றினார்கள், சேம்பு இலையில் ஊற்றினதுபோல் வழிந்து ஓடியது. கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கடையில் விற்கிற கேன் தண்ணீர், எதுவும் ஒட்டவில்லை. நான் பக்கத்தில் இருந்த பொங்கப்பானையைக் கவிழ்த்து, அதை எடுத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஓடினேன். கூட்டம் வழிவிட்டது. எங்கே ஓடுகிறாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை. கசத்தில் மொண்டு, சுடுமணலில் செருப்பில்லாமல் அரை மைல் திரும்பி ஓடி வந்தேன். அன்றைக்கு நானும் சிந்தாமல்தான் சுமந்தேன்.

பள்ளத்தில் ஊற்றினேன். நின்றது. கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து, "ஆவடையம்மா," என்றார்.

அங்கேதான் நான் கெட்டேன். பானையைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் நின்றிருந்தால் போதும். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி," என்று அவர் காலைத் தொட்டேன். தொடுவதற்கு என் தலை குனிந்தது. கையை அவர் பாதத்திலிருந்து எடுக்கும் முன்னால் என் பிடரியில் ஈரம் விழுந்தது.

ஓடு மட்டும்தான் மிஞ்சியது. மற்றது பாறையில் காய்ந்த பாசி மாதிரி உதிர்ந்துபோயிற்று. ஓட்டைக் கோயில் வேம்படியில் புதைத்து மேடை கட்டினோம். இப்போது அவருக்குக் கப்பாசாமி என்று பேர். முதல் பிஞ்சு அவருக்குத்தான். கும்பிடுகிறவர்கள் நிமிர்ந்து நின்று, கையைக்கூடக் கூப்பாமல், நேராகப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது ஊர்க்கட்டு. வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, நெடுமணல்காரனுக்குச் சாமிகிட்டேயும் திமிர் என்று பேசுகிறார்கள். பேசட்டும்.

ஆனால் ஒரு சாவு என்றால் ஒரு காரணம் வேண்டுமே. நாம் விழுந்ததால் செத்தார் என்று எந்த ஊர் சொல்லும்? மாலை கனம் என்றது ஊர். கழுத்து பாரம் தாங்காமல் சாய்ந்துவிட்டது, மாசானம் ஆளுக்குத் தகுந்த மாலை கட்டியிருக்க வேண்டும், அளவு தெரியாமல் கட்டிவிட்டான் என்றது. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. என் காதுக்கு வந்தபோது நான், "பெரிய மாலைதான்," என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை எத்தனை பேருக்கு வசதியாக இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மாசானம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பூக்கூடையையும் நார்க்கட்டையும் எடுத்துக்கொண்டு, பெண்டாட்டியோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டான். வைகாசியில் சந்தனமாரி கல்யாணத்துக்கு மாலை சாத்தூரிலிருந்து வந்தது.

ஒன்பது வருசம். ரெண்டு பேரப்பிள்ளைகள். தெருவுக்குத் தெரு ஏழு கல்யாணம். நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் பிஞ்சு பறிக்கிற ஒவ்வொரு மாசியிலும் என் பிடரியில் ஈரம் ஊறும், துடைத்தால் இருக்காது. இந்த மாசியில் பொறுக்க முடியாமல், தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாசானம் கடை போட்டிருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டு, கூடையில் பத்துப் பிஞ்சு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தலை நரைத்திருந்தான். கை மட்டும் அதே வேகத்தில் பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தது.

"வாக்கா," என்றான், நேற்றுப் பார்த்தவன் மாதிரி. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். நான் உட்காராமலே ஆரம்பித்தேன். அவர் என்னிடம் சொன்னது, நான் முழுங்கினது, போகவா என்று கேட்டவரை இருக்கச் சொன்னது, மாலை பெரிசு என்றது, எல்லாம். "எனக்கு மட்டுந்தான்டா தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. பழி உனக்கு வந்துச்சு," என்று அழுதேன்.

அவன் நாரை வாயில் கவ்வி அறுத்தான். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தான்.

"எனக்கும் சொன்னாருக்கா."

"என்ன?"

"ஒரு பிஞ்சு கொண்டு போய்க் குடுத்தேன். வாங்கித் தின்னுட்டுச் சொன்னாரு. கை நீட்டி ஒண்ணு வாங்கினா ஒரு உண்மையத் திருப்பிக் குடுக்கணுமாம், அவங்க ஊர் மரியாத. அன்னைக்கு ஊர்ல அவருக்குப் பிஞ்சு குடுக்காத கை எது?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அக்கினிமுத்து மாமா சாகறதுக்கு முந்தி வந்தாரு. நீ உக்காந்திருக்கிற இதே ஸ்டூல். போன ஆடியில கொம்பையா பெரியப்பா. பூசாரி வந்தாரு. சீனியம்மா பெரியம்மா வந்துச்சு. ஆளுக்கொரு காரணம். கோயில் தொறக்கணும், தெரு சேரணும், மகனுக்கு முடிக்கணும். எல்லாரும் எனக்கு மட்டுந்தான் தெரியும்னு சொல்லித்தான் அழுவாங்க. நானும் சரி சரின்னு கேட்டுக்கிடுவேன். நீ பதினேழாவது ஆளுக்கா."

"உனக்கு என்னடா காரணம்?"

"பதினோரு வருசம் பூட்டின கோயில். பதினோரு வருசமா அந்த ஊர்ல ஒரு முழம் சாமிப்பூ விக்கல நான்." பூவைப் பார்த்தபடி சொன்னான். "அதான் மாலை கனம்னு சொன்னப்போ நான் பேசல. கனம்தானேக்கா."

"ஊருக்கு வந்துருடா. நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"சொன்னா? பெறகு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் எப்படிப் பாப்பீங்க?" என்றான். "இப்படித் தனித்தனியா வந்துட்டுப் போங்க. அதுபோதும்."

பிஞ்சுகளை அவனிடம் கொடுத்தேன். எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து, சாத்தூர் பஸ்ஸுக்காகத் தூணோரம் நின்றேன். சாத்தூரிலிருந்து வந்த பஸ் ஒன்று எதிரே நின்று ஆட்களை இறக்கியது. கடைசியாக, இடுப்பில் ஒரு சின்னக் கூடையோடு இறங்கினாள் ஒரு பெண். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். கடலை விற்கிறவனிடம் போய், "இங்கே பூக்கட்டுற மாசானம்னு ஒருத்தர், நெடுமணல்காரர்," என்று கேட்டாள்.

குரலைக் கேட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். சந்தனமாரி.

கடலைக்காரன் கையைக் காட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பி நடந்தாள். கூப்பிட வாயெடுத்தேன். பிறகு என் மகள் என்னைப் பார்த்துவிடாதபடி தூணுக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.